பென்டிரைவும் மெய்நிகர் இயந்திரமும்: தரவுக்கு ஒரு பாதுகாப்பான வாசல்

ஒரு மாணவியின் பென்டிரைவ் ஒரு வாரத்தில் எத்தனை கணினிகளில் செருகப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஒப்படையை அச்சிடுவதற்காகக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போகிறது. பாடசாலைக் கணினிக் கூடத்துக்கு வருகிறது. தோழியின் மடிகணினியிலிருந்து கடந்தகால வினாத்தாள்களை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் வாப்பாவின் வியாபாரக் கணக்குகளும், உம்மாவின் தேசிய அடையாள அட்டைப் பிரதியும், குடும்பப் புகைப்படங்களும் உள்ள வீட்டுக் கணினியில் செருகப்படுகிறது.

இவற்றுள் எந்தக் கணினி நோயுற்றது என்பதைப் பென்டிரைவின் வெளித்தோற்றம் காட்டாது. அச்சுக் கடையிலிருந்து திரும்பியதும் கோப்புறைகள் யாவும் குறுக்குவழிகளாக மாறியிருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். உண்மையான கோப்புறை மறைக்கப்பட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழி வைக்கப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் கோப்புறையும் திறக்கும். கூடவே தீங்குநிரலும் ஓடும். எல்லாம் வழமைபோல இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

பென்டிரைவே பாவிக்கக் கூடாது என்று சொல்வது எளிது. படிக்கிற பிள்ளைக்கு அது நடைமுறையாகாது. நம்பமுடியாத ஒரு சாதனத்திலிருந்து நமக்குத் தேவையான தரவை மட்டும் எடுத்து, அதனோடு வரும் தீங்கை வெளியிலேயே நிறுத்துவது எப்படி? கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. அவர்கள் கண்ட விடைகளுள் மெய்நிகர் இயந்திரம் முக்கியமானது. அதன் அடிப்படையை விளங்கிக்கொண்டால் வீட்டிலும் பாடசாலையிலும் நாம் செய்யவேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் என்ன?

ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினியே மெய்நிகர் இயந்திரம். அதற்கெனத் தனியாகப் பணிசெயல் முறைமை, நினைவகம், வன்தட்டு எல்லாம் உண்டு. உண்மையில் அந்த வன்தட்டு, நமது கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்புத்தான். உள்ளே ஓடும் செய்நிரலுக்கு அது தெரியாது. தான் ஒரு முழுக் கணினியில் இயங்குவதாகவே அது கருதும். உண்மைக் கணினியை 'விருந்தோம்பி' என்றும் உள்ளிருப்பதை 'விருந்தினர்' என்றும் அழைக்கலாம். இரண்டுக்கும் நடுவே நின்று வளங்களைப் பங்கிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இந்த எண்ணம் புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தனது பெரிய கணினிகளில் இதைப் பரிசோதித்து, 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டது. விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதற்கு அது உதவியது. பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் அறிமுகமான ஸென் போன்ற ஹைப்பர்வைசர்கள், சாதாரணக் கணினிகளிலும் இதைச் சாத்தியமாக்கின.

பாதுகாப்புக்கு இது எவ்வாறு உதவுகிறது? விருந்தினர் இயந்திரத்துக்குள் தீங்குநிரல் புகுந்தாலும் அது அங்கேயே அடைபட்டிருக்கும். அந்த இயந்திரத்தையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு வரும் முன்பின் அறியாத வியாபாரியை முன் ஹோலில் அமரவைத்துப் பேசுவதைப் போன்றது இது. அவர் கொண்டுவந்த பொருளைப் பார்க்கலாம். ஆனால் படுக்கையறை வரை அவர் வரமாட்டார்.

செருகியவுடனேயே நடப்பவை

"நான் எந்தக் கோப்பையும் திறக்கவில்லையே, பிறகெப்படி வைரஸ் வந்தது?" என்று பலர் கேட்பதுண்டு. பென்டிரைவைச் செருகிய கணத்திலேயே கணினி பல வேலைகளைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. முதலில் சாதனம் தன்னை இன்னது என்று அறிமுகப்படுத்துகிறது; கணினி அதை நம்பி, உரிய சாதனச் செலுத்தியை இயக்குகிறது. அடுத்து அதன் பகிர்வு அட்டவணையையும் கோப்பு முறைமையையும் வாசிக்கிறது. பின்னர் கோப்புகளின் பெயர்களையும் சிறு சின்னங்களையும் திரையில் காட்டுகிறது. இவற்றுள் எந்தப் படியில் பிழை இருந்தாலும், நாம் எதையும் அழுத்தும் முன்னரே காரியம் முடிந்துவிடும்.

2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இதற்குத் தெளிவான சான்று. ஈரானின் நதான்ஸ் அணுவாலையில் இருந்த மையநீக்கி இயந்திரங்களைப் பழுதாக்குவதற்காக அது உருவாக்கப்பட்டிருந்தது. இணையத்தோடு தொடர்பற்ற கணினிகளுக்குள்ளும் அது பென்டிரைவ் வழியாகப் புகக்கூடியதாக இருந்தது. வின்டோஸ் முறைமை குறுக்குவழிகளின் சின்னத்தைக் காட்டும் விதத்திலிருந்த ஒரு குறைபாட்டை அது பயன்படுத்தியது. கோப்புறையைத் திரையில் பார்த்தாலே போதும். எந்தக் கோப்பையும் திறக்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, 2008இல், அமெரிக்க இராணுவத்தின் இரகசிய வலையமைப்புக்குள் ஒரு புழுநிரல் பரவியிருந்தது. மத்திய கிழக்கிலிருந்த தளமொன்றில் மடிகணினியில் செருகப்பட்ட ஒரு பென்டிரைவே அதன் வாயிலாக இருந்தது. அதன் பின் சில காலம் இராணுவக் கணினிகளில் பென்டிரைவ் பாவனையே தடைசெய்யப்பட்டது.

2014இல் ஜெர்மனிய ஆய்வாளர்களான கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகியோர் அமெரிக்காவில் நடந்த பிளக் ஹெட் மாநாட்டில் இன்னொரு ஆபத்தை எடுத்துக்காட்டினர். யூ.எஸ்.பி. சாதனத்தின் உள்ளே அதை இயக்கும் ஒரு சிறு நிலைபொருள் இருக்கிறது. அதை மாற்றி எழுதினால், பார்வைக்குப் பென்டிரைவாக உள்ள சாதனம் "நான் ஒரு விசைப்பலகை" என்று கணினியிடம் சொல்லும். கணினியும் அதை நம்பும். பின்னர் அது, நாமே தட்டச்சிடுவதுபோலக் கட்டளைகளை இடத் தொடங்கும். நிலைபொருள் கோப்புகள் இருக்கும் பகுதியில் இல்லாததால், பென்டிரைவை போர்மட் செய்தாலும் அது அழியாது; வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் கண்ணுக்கும் எளிதில் தென்படாது.

மனித இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை ஆங்காங்கே போட்டுவைத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, அவற்றுள் குறைந்தது 45 சதவீதமானவற்றில் இருந்த கோப்புகள் திறக்கப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது பதிலளித்தவர்களுள் பெரும்பாலானோர், உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறினர். நல்ல மனதோடு செய்கிற காரியமும் பாதுகாப்பாகச் செய்யப்படவேண்டும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

சுவரில் வாசல் எங்கே?

மெய்நிகர் இயந்திரம் ஒரு சுவர். ஆனால் முற்றாக அடைத்த சுவரால் பயனில்லை. உள்ளே திறந்து பார்த்த ஒப்படை நமது கணினிக்கு வரவேண்டும். நமது கணினியில் தயாரித்தது வெளியே போகவேண்டும். ஆகவே சுவரில் ஒரு வாசல் வைத்தே ஆகவேண்டும். சுவர் எவ்வளவு பலமாக இருந்தாலும், அந்த வாசலின் அமைப்பே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

2015இல் வெளியான 'வெனம்' என்ற குறைபாடு இதை உணர்த்தியது. மெய்நிகர் இயந்திரங்களுக்குப் பயன்படும் கியூ.ஈ.எம்.யூ. என்ற மென்பொருளில், பழைய நெகிழ்வட்டு இயக்கியைப் பாவனை செய்யும் ஒரு பகுதி இருந்தது. இக்காலத்தில் நெகிழ்வட்டைப் பாவிப்போர் இல்லை என்றே சொல்லலாம். எனினும் அந்தப் பழைய வாசல் பூட்டப்படாமல் இருந்தது. விருந்தினருக்குள் இருக்கும் தீங்குநிரல் அதன் வழியாக விருந்தோம்பிக்குள் நுழையக்கூடிய நிலை இருந்தமை பல வருடங்களாகக் கவனிக்கப்படவில்லை. தேவையற்ற வாசலை மூடிவிடவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி.

கியூப்ஸ் காட்டிய வழி

வாசலைச் சரியாக அமைப்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கியூப்ஸ் என்ற பணிசெயல் முறைமை. போலந்து நாட்டைச் சேர்ந்த ஜொயன்னா ருட்கோவ்ஸ்கா என்ற பெண் ஆய்வாளர் இதன் நிறுவுநர். ஹைப்பர்வைசரையே தீங்குநிரலின் மறைவிடமாக்க முடியும் என்று 2006இல் செய்துகாட்டி உலகின் கவனத்தை ஈர்த்தவர் அவர். தாக்கும் வழியை அறிந்தவர் காக்கும் வழியை நாடினார். 2010இல் அறிவிக்கப்பட்ட கியூப்ஸின் முதலாம் பதிப்பு 2012இல் வெளியானது. ஸென் ஹைப்பர்வைசர் மீது இயங்கும் இம்முறைமையில் வங்கி வேலைக்கு ஓர் இயந்திரம், படிப்புக்கு ஓர் இயந்திரம், வலையமைப்புக்கு ஓர் இயந்திரம் எனத் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்கள் உண்டு. இவற்றுக்கிடையே தரவு செல்லும் விதத்தில் நாம் கவனிக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, சாதனம் இணையும் இடம். கணினியின் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி முழுவதையும் தனியான ஒரு மெய்நிகர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம். பென்டிரைவின் அறிமுகத்தைக் கேட்பதும் கோப்பு முறைமையை வாசிப்பதும் அந்த இயந்திரத்திலேயே நடக்கும். சாதனம் பொய் சொன்னாலும் ஏமாறுவது அந்த ஒன்றுதான். யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி பிற இயந்திரங்களின் நினைவகத்தைத் தொடாதபடி வன்பொருள் மட்டத்திலேயே ஒரு தடுப்பும் உண்டு.

இரண்டாவது, அனுமதி. ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்ப முயன்றால், எங்கே அனுப்புவது என்று பயனரிடம் கேட்கப்படும். அந்தக் கேள்வியைக் கேட்பது கோப்பை அனுப்பும் இயந்திரமன்று. வலையமைப்போடு தொடர்பில்லாத, மிக நம்பகமான மையப் பகுதியே கேட்கிறது. ஆகவே தீங்குநிரல் தானே கேட்டுத் தானே 'ஆம்' சொல்லிக்கொள்ள முடியாது. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கோரும் ஒழுக்கத்தை ஸூரா அந்நூர் நமக்குக் கற்பிக்கிறது. கேட்பவர் வாசலில் நிற்பார். திறப்பதும் திறக்காததும் உள்ளிருப்பவரின் உரிமை. அதே ஒழுங்கு இங்கே கணினிக்கு விதியாக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, வந்து சேரும் இடம். அனுப்பப்பட்ட கோப்பு, பெறும் இயந்திரத்தில் வரவுக்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையில், எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்ற பெயரின் கீழ் வைக்கப்படும். பெறுபவரின் ஏனைய கோப்புகளை அது தொடாது. அனுப்புபவர் விரும்பிய இடத்தில் வைக்கவும் இயலாது.

நான்காவது, கடந்து செல்வதன் எளிமை. இதுதான் மிக நுட்பமானது. பி.டி.எப். கோப்பு மிகச் சிக்கலானது. அதற்குள் எழுத்துருக்கள், படங்கள், செய்நிரல்கள்கூட இருக்கலாம். கியூப்ஸில் ஒரு சந்தேகமான பி.டி.எப். கோப்பை, ஒருமுறை பாவித்து எறியும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் திறப்பார்கள். அது ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் வண்ணப் புள்ளிகளாக மாற்றி, பக்கத்தின் நீள அகலத்தையும் புள்ளிகளின் வண்ண எண்களையும் மட்டும் வெளியே அனுப்பும். பெறும் பக்கம் அந்த எண்களிலிருந்து புதிய பி.டி.எப். ஒன்றை ஆக்கிக்கொள்ளும். சொன்ன அளவுக்கு மிஞ்சிப் புள்ளிகள் வந்தால் ஏற்காது. நிறத்தைக் குறிக்கும் எண்ணுக்குள் தீங்குநிரலை ஒளிக்க இடமில்லை. எழுத்தைத் தேடவோ பிரதிசெய்யவோ முடியாது என்பது இதன் குறை. ஆனால் வாசிக்கவும் அச்சிடவும் போதும்.

சிக்கலான பொருளைச் சந்தேகத்துக்குரிய பக்கத்திலேயே பிரித்துவிட்டு, மிக எளிய வடிவத்தை மட்டும் நம்பகமான பக்கத்துக்கு அனுப்புதல் என்பதே பாதுகாப்பான தரவுப் பரிமாற்றத்தின் உயிர்நாடி.

வீட்டுக் கணினியில் செய்யக்கூடியவை

கியூப்ஸ் சீராக இயங்க 16 ஜி.பி. நினைவகம் பரிந்துரைக்கப்படுகிறது. எல்லா வீட்டுக் கணினிகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் மேற்சொன்ன விதிகளை, இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு ஓரளவு கடைப்பிடிக்கலாம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவியருக்கு இது நல்ல பயிற்சியுமாகும்.

அதில் லினக்ஸ் விருந்தினர் ஒன்றை நிறுவி, இற்றைப்படுத்தி முடித்ததும் அதன் வலையமைப்புத் தொடர்பை நிறுத்திவிடுங்கள். அந்த நிலையை 'ஸ்னப்ஷொட்' ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். வெளிப் பென்டிரைவை எப்போதும் அந்த விருந்தினருக்குள்ளேயே திறவுங்கள். வேலை முடிந்ததும் சேமித்த நிலைக்கே அதை மீட்டுவிடுங்கள். உள்ளே என்ன புகுந்திருந்தாலும் அதோடு போய்விடும்.

வாசல்களில் அவதானம் தேவை. கிளிப்போர்டை இருபக்கமும் பகிரும் தெரிவு வசதியானதுதான். ஆனால் நீங்கள் வெளியே கொப்பி செய்த கடவுச்சொல்லை உள்ளிருக்கும் தீங்குநிரல் வாசித்துவிடலாம். ஆகவே அதை முடக்கிவையுங்கள். பகிர்வுக் கோப்புறையாக உங்கள் 'டொகியுமென்ட்ஸ்' கோப்புறையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீங்குநிரல் உள்ளே இருந்தால் அந்தக் கோப்புறை முழுவதையும் பூட்டிவிடும். வெளியிலிருந்து உள்ளே கொடுப்பதற்கு 'வாசிக்க மட்டும்' என்ற தெரிவுடன் ஒரு கோப்புறையையும், உள்ளிருந்து பெறுவதற்கு வேறெதுவும் இல்லாத வெற்றுக் கோப்புறை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருந்து கொண்டுவரும் கோப்பை இயன்றவரை எளிதாக்குங்கள். குறிப்புகள் என்றால் வெறும் எழுத்துக் கோப்பாகவும், படம் என்றால் புதிய படக் கோப்பாகவும் விருந்தினருக்குள்ளேயே மாற்றிச் சேமித்து எடுங்கள். செய்நிரல் கோப்புகளைக் கொண்டுவராதீர்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. வேர்ச்சுவல்பொக்ஸில் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி விருந்தோம்பியின் கையிலேயே இருக்கிறது. சாதனத்தை முதலில் காண்பதும் அதுவே. ஆகையால் விசைப்பலகையாக நடிக்கும் சாதனத்தை இது தடுக்காது. வீதியில் கிடந்த பென்டிரைவை எந்த ஏற்பாட்டோடும் வீட்டுக் கணினியில் செருகாமல் இருப்பதே உத்தமம்.

பெற்றோரின் கவனத்துக்கு

நம்பமுடியாத சாதனம் நமக்குத் தீங்கைத் தருவதோடு நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் கூடும். குடும்பப் படங்கள் நிறைந்த பென்டிரைவை ஒரு பக்கத்தை அச்சிடுவதற்காகக் கடைக் கணினியில் செருகும்போது, அதிலுள்ள அத்தனையையும் அந்தக் கணினியால் வாசிக்க முடியும். சில விநாடிகளில் பிரதியெடுக்கவும் முடியும். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அவரது கணினியில் என்ன ஓடுகிறது என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம்.

எனவே அச்சிடுவதற்கென்று சிறிய பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வைத்து, அன்று அச்சிடவேண்டிய கோப்பை மட்டும் அதில் இட்டு அனுப்புங்கள். அது வீட்டுக்குத் திரும்பியதும் அதிலுள்ள எதையும் திறக்கத் தேவையில்லை. மூலப்பிரதி வீட்டிலேயே இருக்கிறது. வட்ஸ்அப் மூலம் அனுப்பினால், அச்சான பின் கோப்பை அழித்துவிடும்படி கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அடையாள அட்டைப் பிரதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பல நாட்கள் கடைக் கணினியில் கிடப்பது நல்லதல்ல. கைபேசியை வெளிக் கணினியில் இணைக்க நேர்ந்தால் 'மின்னேற்றம் மட்டும்' என்ற நிலையிலேயே விடுங்கள். கோப்புப் பரிமாற்றத்துக்கான அனுமதியைச் சொந்தக் கணினிக்கு மாத்திரம் கொடுங்கள். பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள கைபேசி விடயத்தில் இது இன்னும் முக்கியம்.

பிள்ளை ஏதும் தவறாகச் செருகிவிட்டால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கப்படும் சிறு பிழை, கணினி முழுதும் பரவிய பின்பே தெரியவரும். உடனே சொல்லும் பழக்கமே வீட்டுக்குப் பாதுகாப்பு.

அன்பு மாணவியரே, எந்தச் சாதனத்தை இணைக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எங்கே திறக்கப்போகிறேன்? யாருடைய அனுமதியோடு இது உள்ளே வருகிறது? எனக்குத் தேவையானது மட்டுமா கடந்து செல்கிறது? போலந்தில் ஒரு பெண் ஆய்வாளர் தொடக்கிவைத்த முறைமையும் இக்கேள்விகளுக்கான விடையாகவே கட்டப்பட்டது. நம்மிடமுள்ள தோழியின் குறிப்பேடும், உம்மாவின் அடையாள அட்டையும், குடும்பப் படங்களும் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். கணினி அறிவை அந்த அமானிதத்தைப் பேணும் கருவியாக ஆக்கிக்கொள்வோமாக.